மாதிரி அறிக்கை என்றால் யூஸ்பாப் கிடையாதா?

அமெரிக்காவில் சொத்து மதிப்பீட்டாளர்கள் பின்பற்றும் தரநிலைதான் யூஸ்பாப் (USPAP). புது வங்கியிடம் வேலை பிடிக்க மாதிரி அறிக்கை அனுப்பும் மதிப்பீட்டாளருக்குச் சொல்லப்படும் "மாதிரி ரிப்போர்ட்டுக்கு யூஸ்பாப் பொருந்தாது, பழையதில் பெயரை அழித்துவிட்டு அனுப்புங்கள்" என்ற யோசனை பாதிதான் சரி. இல்லாத ஒரு வீட்டை வைத்து, கற்பனை என்று தெளிவாகப் போட்டு எழுதினால் அங்கே வாடிக்கையாளரும் இல்லை, மதிப்பீட்டுப் பணியும் இல்லை. சரி.

ஆனால் வங்கிக்குச் செய்துகொடுத்த நிஜ அறிக்கையைத் தூக்கி மாதிரியாக்கினால் கதையே வேறு. இந்த அமெரிக்கத் தரநிலையின் ரகசியக் காப்பு விதி, வாடிக்கையாளர் தந்த ரகசியத் தகவலை மட்டுமல்ல, நீங்கள் போட்ட மதிப்பையும் காக்கச் சொல்கிறது. மாநில ஒழுங்குமுறை வாரியம் கேட்டால் முழு அறிக்கையையும் தரலாம், விதியிலேயே விலக்கு இருக்கிறது. வேலை பிடிப்பதற்காகப் புது வங்கிக்கு அனுப்புவதற்கு அப்படி விலக்கு ஏதும் இல்லை.

பெயரை அழித்தால் போதுமா? வீட்டு மதிப்பீட்டு அறிக்கைக்கான ஒரு 1004 படிவத்தைப் பிரித்துப் பாருங்கள். வரிக்கணக்கின் மனை எண், வாசல் போட்டோ, லொக்கேஷன் மேப் எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதையும் மறைத்தாலும், ஒப்பீட்டு வீடுகளுக்கு (விலையை ஒப்பிட எடுத்த வேறு வீடுகள்) எதிரே "0.3 மைல் தென்கிழக்கு" என்று மூன்று வரி இருந்தால் போதும், எந்த வீடு என்று பத்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். (நான் பிடித்திருக்கிறேன்!) பழைய வாடிக்கையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு அனுப்புங்கள், இந்த மறைப்பு வேலையே பெரும்பாலும் மிச்சம்.