‘லைஃப் பாய்’க்கும் நம்ம பாய்க்கும் சம்பந்தம் இல்லை, விடுங்கள்

தண்ணீரில் விழுந்தவருக்கு வீசுகிற மிதவை வளையம் ‘லைஃப் பாய்’, அதில் இருக்கிற பாய் நம் தமிழ்ப் பாய்தான் என்று ஒரு கார்டு சுற்றுகிறது. அந்த ஆரஞ்சு வளையம் போட்ட கார்டுக்குக் கீழே நேற்று நான் எழுதியது ஒரே வரி. லைஃப் பாயில் இருக்கிற பாய், கப்பலில் கட்டுகிற நம் பாய் இல்லை. இதற்குத் ‘தமிழ்த் துரோகி’ பட்டம். சிரிப்பு எமோஜி போட்டவர்களில் என் கல்லூரி நண்பனும் ஒருத்தன்.

இல்லைங்க, பாய் இல்லை. நம் பாய் காற்றைப் பிடித்துக் கலத்தை ஓட்டுவது. ஆங்கிலத்தில் சொல்கிற ‘பாய்’, சங்கிலி போட்டு ஒரே இடத்தில் கிடக்கிற மிதவை. பழைய பிரெஞ்சிலிருந்தோ டச்சிலிருந்தோ ஆங்கிலத்துக்குப் போன சொல். லத்தீனில் ‘போயா’ என்றால் கைதிக்குப் பூட்டுகிற விலங்கு, கட்டிப்போட்ட மிதவை என்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். இல்லை, அடையாளம் காட்டுகிற ‘பீக்கன்’ வகையறா என்று சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள் சண்டை அவர்களோடு, இரண்டு கட்சியிலும் நம் பாய் கிடையாது. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498க்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்த சொல் இது. அமெரிக்கர்கள் இதையே ‘பூயி’ என்கிறார்கள், அது என்ன, பூவிலிருந்து வந்ததா?

நானும் ஏமாந்தவன்தான். சின்ன வயதில் சிவப்பு சோப்பில் இருப்பது ‘பையன்’ என்றே நினைத்திருந்தேன். கன்னியாகுமரிப் படகில் வளையத்துக்கு மேலே அதே எழுத்தைப் பார்த்துவிட்டு, “சோப்புப் பேரை ஏன் மாமா இங்க எழுதியிருக்கு?” என்று கேட்டேன். மாமா சிரித்த சிரிப்பில் படகே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வளையத்தைச் சுற்றி நாலு இடத்தில் முடிந்திருந்த கயிற்றைக் காட்டி, “விழுந்தா இதைப் பிடிச்சுக்கோ, பேரு எதுக்குடா?” என்றார்.

“ஆராய்ச்சி பண்ண நீ யார்?” என்று ஒருவர். நான் யாரும் இல்லை, அகராதியைத் திறந்து பார்த்தவன், அவ்வளவுதான். “பெருமைப்பட்டுவிட்டுப் போகட்டுமே” என்று இன்னொருவர். பெருமைதானே வேண்டும்? கட்டுமரம் இருக்கிறதே! டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே அந்தச் சொல் ‘கேட்டமரான்’ என்று ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. மெட்ராஸில் துறைமுகம் வருவதற்கு முன், கப்பலில் வந்தவர்களை மசூலா படகில் ஏற்றி அலை தாண்டிக் கரை சேர்ப்பார்கள். படகு கவிழ்ந்தால் ஆளைத் தூக்கக் கட்டுமரக்காரர்கள் கூடவே போவார்கள். உயிரைக் காப்பாற்றியதற்கு மெடல் வாங்கியவர்கள் அவர்களில் உண்டு. அதுதான்யா நம்ம லைஃப் பாய்! அதற்கு ஒரு கார்டு போட யாருக்கும் கை வரவில்லை, இல்லாத பாயை விரித்து உட்கார மட்டும் இத்தனை பேர்.

நண்பன் காலையில் குட் மார்னிங் அனுப்பியிருக்கிறான். கூடவே அதே கார்டு.