கையுறை எதற்கு என்று யாரும் சொல்லவில்லை

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான அன்று, டாக்டர் அறைக்கு வெளியே நடைபாதையில் நின்று நாங்கள் நான்கு பேர் ஒரு முடிவு எடுத்தோம். "அவங்களுக்குச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாங்க." டாக்டரிடமும் அப்படியே கேட்டுக்கொண்டோம். அவரும் சரி என்று தலையாட்டினார். அதன்பின் ஐந்து மாதம் எங்கள் வீட்டில் அது வெறும் "கட்டி". கீமோவுக்குப் பெயர் "ஊசி மருந்து".

அந்த ஐந்து மாதத்தில் பெரியம்மா தன் பேரனைத் தூக்குவதை நிறுத்திவிட்டார். மருந்தின் அசதி என்று நினைத்தோம். தனக்கென ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு துண்டு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டார். சுத்தம் பார்க்கிறார் என்று நினைத்தோம். ஒருநாள் அவர் வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவ நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டார்: "இது பிள்ளைக்கும் ஒட்டிக்குமா கண்ணு?"

கீமோ மருந்தின் மிச்சம் சில நாட்கள் வரை வாந்தியிலும் சிறுநீரிலும் வெளியேறும். துடைப்பவரின் தோலில் அந்த மருந்து படக்கூடாது, அதற்குத்தான் கையுறை. நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக அல்ல. தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாலோ புற்றுநோய் பரவாது. எங்களுக்குக் கொடுத்த தாளில் "கையுறை அணியவும்" என்று நல்ல தமிழில், ஓர் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. எதற்கு என்ற ஒரு வரி மட்டும் இல்லை. பெரியம்மா அந்தத் தாளையும் படித்திருக்கிறார். நோயின் பெயரோ, இரண்டாவது மாதமே பக்கத்துப் படுக்கைக்காரர் மூலம் அவருக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் பயப்படுவோம் என்று எங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

இரு பக்கமும் தெரிந்தே தெரியாததுபோல் நடிக்கும் இந்த நிலையை கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1960களிலேயே மருத்துவமனை வார்டுகளில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததல்ல. ஆனால் அதன் விலையை பெரியம்மா தனியாகச் சுமந்தார். நோயின் பெயரையே சொல்லாதபோது, அந்த நோயைப் பற்றிய தப்பான பயத்தை யார் வந்து போக்குவது?

"நம்ம பண்பாட்டில் நோயாளியிடம் நேராகச் சொல்ல மாட்டோம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு விஷயம். சிகாகோவில் டாக்டர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 1961இல் வெளியானது. சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். அதே கேள்விகளோடு மறுபடி எடுத்த கணக்கெடுப்பு 1979இல் வெளியானபோது, 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதே சரி என்றார்கள். பதினெட்டே ஆண்டுகளில் தலைகீழ். ஆக, மாறவே மாறாத மரபு என்று எதையும் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லோரிடமும் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலஸில் 800 முதியவர்களிடம் கேட்டு 1995இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. பரவிவிட்ட புற்றுநோயை நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்றவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரில் 87 சதவீதம், கொரிய வம்சாவளியினரில் 47 சதவீதம். சமூகத்துக்குச் சமூகம் வித்தியாசம் இருக்கிறது என்று இதைக் காட்டுவார்கள். எனக்கு அந்த 47தான் முக்கியம். ஒரே சமூகத்துக்குள் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சொல் என்கிறார்கள், மீதிப்பேர் அப்படிச் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தப் பாதி என்பதை அவருடைய மொழியையோ மதத்தையோ ஊரையோ வைத்து எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? அவரைத்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழிமுறையும் இருக்கிறது. கெட்ட செய்தி சொல்வதற்காக 2000இல் வெளியான ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறையில், தகவலைச் சொல்வதற்கு முந்தைய படியே நோயாளியின் சம்மதம்தான். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், யாரிடம் சொல்லட்டும் என்று முதலில் கேட்டுக்கொள்வது. அதற்கும் முன்னால், 1970களில், ஆர்தர் கிளைன்மன் என்ற மனநல மருத்துவர் நோயாளியிடம் கேட்கச் சில எளிய கேள்விகளை வகுத்தார். இதை நீங்கள் என்ன பெயரிட்டுச் சொல்வீர்கள், எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், இதில் உங்களுக்கு எது அதிகப் பயம்? இந்தக் கடைசிக் கேள்வியை யாராவது முதல் வாரமே பெரியம்மாவிடம் கேட்டிருந்தால், அந்தத் தட்டும் தம்ளரும் தனியாகப் போயிருக்காது.

பண்பாட்டுக்கு ஏற்ற விழிப்புணர்வு என்றால் துண்டுப்பிரசுரத்தை மொழிபெயர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நோய் இருக்கிறது என்ற பொருளில் "ரிசல்ட் பாசிட்டிவ்" என்றதும், நல்ல செய்தி என்று சிரித்த முகங்களை நான் பார்த்திருக்கிறேன். கத்தி பட்டால் பரவிவிடும் என்று, சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கு வராமல் இருப்பவரிடம் "தவறான நம்பிக்கை" என்று கோபப்பட்டு என்ன பயன்? அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோன யாரையோ அவர் பார்த்திருப்பார். அந்த நோய் முன்பே முற்றியிருந்தது என்பதை அந்தக் கதைக்குள் போய்த்தான் சொல்ல வேண்டும். கூச்சத்தால் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு வராத பெண்களுக்கு உபதேசம் வேண்டாம். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸுக்கான பரிசோதனைக்கு மாதிரியைத் தாமே எடுத்துக் கொடுக்க இப்போது வழி இருக்கிறது, உலக சுகாதார நிறுவனமே அதை ஏற்றிருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுங்கள், போதும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். மொழி தெரியாத நாட்டில் சிகிச்சை எடுக்கும் குடும்பங்களில் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்பதைப் பள்ளிக்கூடம் போகும் மகள் தன் வாயால் அம்மாவுக்குச் சொல்ல நேரக்கூடாது. பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் முடிச்சை அவிழ்த்தது ஒரு நர்ஸ். நான் எல்லாவற்றையும் சொன்னதும் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கையுறை எதற்கு என்பதிலிருந்து ஆரம்பித்தார். கடைசியில், "இனி ரிப்போர்ட் வந்தா உங்ககிட்டயே சொல்லட்டுமா?" என்று கேட்டார். பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என்ன மருந்து, என்ன வலின்னு எல்லாம் எங்கிட்ட சொல்லுங்க. எத்தனை நாள்னு மட்டும் பெரியவன்கிட்ட சொல்லிடுங்க, எனக்கு வேண்டாம்" என்றார்.

அடுத்த ஸ்கேன் முடிவு வந்தபோது, முதல் பாதியைக் கேட்டுவிட்டு அவரே எழுந்து வெளியே போனார். நாங்கள் அன்று நின்ற அதே நடைபாதையில், பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.