பெலாச்சானுக்குத் தமிழில் என்ன?

என் மகள் நான்கு நாளாக ஒரே பத்தியை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். அடுத்த வாரம் அவள் பள்ளிக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள். தீபாவளிக்காகப் பிள்ளைகள் பேசும் சின்ன நிகழ்ச்சி, ஆளுக்கு அரை நிமிடம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் விசிறியைப் பார்த்து நின்றுகொண்டு, "தீபத் திருநாளை முன்னிட்டு நாங்கள் அங்காடிக்குச் சென்று புத்தாடைகள் வாங்குவோம்" என்று சொல்லிப் பார்க்கிறாள். பதினொரு வயதில் அவள் வாயிலிருந்து அங்காடி என்ற சொல் வந்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் பசார், ராத்திரி என்றால் பசார் மாலாம்.

நேற்று சாப்பிடும்போது கேட்டாள்: "அம்மா, நான் மறந்துபோய் பசார்னு சொல்லிட்டா கட் பண்ணிடுவாங்களா?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003. நாங்கள் பினாங்கில் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருந்தோம். காலையில் ஒரு வானொலியில் சமையல் நிகழ்ச்சி வரும். வீட்டுப் பெண்கள் போன் செய்து ஒரு சமையல் சொல்ல வேண்டும். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. அம்மா அந்த நிகழ்ச்சியை ஒருநாள் விடாமல் கேட்பார். ஆனால் போன் செய்யத் துணிந்ததில்லை. "அவங்க பேசுற தமிழுக்கு நம்ம எங்க" என்பார். நாங்கள்தான் வற்புறுத்தி எண்ணைச் சுழற்றிக் கொடுத்தோம். அன்றைக்குப் பார்த்து லைன் கிடைத்துவிட்டது.

அப்பாவுக்கு ஒரே பரபரப்பு. டூ-இன்-ஒன்னில் புது கேசட்டைப் போட்டார். நேரடி நிகழ்ச்சியில் பேசியவர்களுக்குத் தெரியும், போன் பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தால் கூவென்று இரைச்சல் கிளம்பும். முதலில் அவர்கள் சொல்வதே "ரேடியோ சத்தத்தைக் குறைங்கம்மா" என்பதுதான். அப்பா சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டு, பிளே பட்டனையும் சிவப்புப் பட்டனையும் சேர்த்து அழுத்தினார். சத்தம் வெளியே கேட்காவிட்டாலும் உள்ளே பதிவாகிவிடும். அதனால் அம்மா ரேடியோவில் பேசியதை எங்கள் வீட்டில் யாரும் ரேடியோவில் கேட்கவில்லை. அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத்தான் பார்த்தோம். இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். போனில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் போர்த்திக்கொண்டார்.

இறால் சம்பால் சொன்னார். அது அம்மாவின் கைப்பக்குவம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எங்களுக்கு மக்சிக், அவர்கூட வந்து கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். முதல் ஒரு நிமிடம் அம்மா அம்மாவாகவே பேசினார். காய்ந்த மிளகாயை ஊறவைப்பது, வெங்காயத்தை அரைக்காமல் இடிப்பது, செராயைத் தட்டிப் போடுவது. அந்த இடத்தில் அறிவிப்பாளர் ரொம்பவும் மரியாதையாக, "எலுமிச்சைப் புல்னு சொல்லலாம் இல்லையாம்மா?" என்றார். அம்மா "ஆமாங்க, அதான், எலுமிச்சைப் புல்லு" என்றார். பிறகு, "கொஞ்சம் பெலாச்சான எடுத்து நெருப்புல வாட்டி..." என்று ஆரம்பித்தார். "பெலாச்சானுக்குத் தமிழ்ல என்னம்மா?"

கேசட்டில் அந்த இடத்தில் அமைதி. நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், நான்கு விநாடி. போனைப் பிடித்துக்கொண்டு அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கடைசியில், "இறால்... இறால் பொடிங்க" என்றார். அது பொடியும் இல்லை. சின்ன இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, இடித்துக் கட்டியாக்கியது பெலாச்சான். வீட்டில் ஒரு துண்டு வாட்டினால் மாடிப்படி வரை மணக்கும். அது அம்மாவுக்குத் தெரியாதா? அதற்கப்புறம் அம்மா பேசியதெல்லாம் வேறு யாரோ பேசியது மாதிரி இருந்தது. "பின்னர் அதனைச் சேர்த்து நன்றாகக் கிளறி இறக்கவும்." அம்மா வாழ்க்கையில் யாரிடமும் "இறக்கவும்" என்று சொன்னவர் இல்லை.

அந்த அறிவிப்பாளர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் குரலில் ஏளனம் துளியும் இல்லை. தமிழ் மேல் உள்ள பற்றில் கேட்டார். ஆனால் அம்மா அதற்குப் பிறகு எந்த நிலையத்துக்கும் போன் செய்யவில்லை. 2011-இல் காலமானார். எங்களிடம் அம்மாவின் குரல் என்று இருப்பது அந்த ஒரு கேசட்தான். அதில் பாதி அம்மாவின் பேச்சே இல்லை. இந்த வருத்தத்தை நான் யாரிடம் சொல்வது?

வானொலித் தமிழைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. பினாங்கில் 1930-களிலேயே தமிழ் ஒலிபரப்பு இருந்திருக்கிறது. 1946 ஏப்ரல் 1-இல் ரேடியோ மலாயா தொடங்கியபோதும் தமிழுக்கு இடம் இருந்தது. பிறை ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த என் அப்பாவுக்கு வானொலிதான் இரண்டாவது பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்போடு நின்றவர், செய்தி வாசிப்பவர் சொல்லும் புதுச் சொல்லை மறுநாள் காலை பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், சொல்லிக் காட்டுவாராம். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை போட்டுவிட்டு, தங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வாசிக்கமாட்டார்களா என்று லயத்து வாசலில் பத்துப் பேர் காத்துக் கிடப்பார்களாம். பெயர் வந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க அதே பேச்சு. கணக்கு எழுதும் கிராணியும் வேலை வாங்கும் தண்டலும் கூப்பிடும் பெயரை, ஒருவர் "திரு" சேர்த்து ஊர் முழுக்கக் கேட்கச் சொல்கிறார் என்றால் சும்மாவா?

அப்போதெல்லாம் நம் ஆட்களின் பெயர் மட்டும்தான் காற்றில் போனது. குரல் போகவில்லை. போன் வழியாக நேயர்கள் பேச ஆரம்பித்த பிறகுதான் குரலும் போனது. அந்தக் குரல் வந்த உடனேயே அதற்குச் சட்டை மாட்டிவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

போன வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் பிரிக்பீல்ட்ஸில் என் கணவரின் மாமாவைப் படம் பிடித்தார்கள். முப்பது வருடமாகப் பூக்கட்டுகிறவர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பையன் கேமராவோடு, ஒரு பெண் மைக்கோடு. "பூ விலை எப்படி அண்ணா?" என்று அந்தப் பெண் கேட்டதும் மாமா பொழிந்துவிட்டார். மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்தில் வருகிறது, ஒருநாள் தாமதமானாலும் பெட்டியைத் திறந்தால் பாதி பழுத்திருக்கும், செவ்வந்தி கேமரன் மலையிலிருந்து லோரியில் ராத்திரியே வந்துவிடும், அங்கே மழை பிடித்துக்கொண்டால் இங்கே பூ விலை வெள்ளி வெள்ளியாக ஏறும், எங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று நாள் தூங்காமல் கட்டினால்தான் முதல் போட்டது திரும்பும் என்று, விரலில் நாரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். சொல்லச் சொல்லக் கை நிற்கவே இல்லை. நான்கு பூ, ஒரு முடிச்சு, நான்கு பூ, ஒரு முடிச்சு. அப்படி ஒரு காட்சி!

பேசி முடித்ததும் அந்தப் பெண் சொன்னார், "அண்ணா, ரொம்ப நல்லா இருந்திச்சு. ஆனா லோரி மாதிரி சொல்லெல்லாம் வேணாம். பூவைக் கீழ வச்சிட்டு, கேமராவப் பார்த்து, நல்ல தமிழ்ல ஒரே வரியில சொல்லுங்க." மாமா பூவைக் கீழே வைத்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேட்டி மேல் வைத்துக்கொண்டார். மூன்று தடவை எடுத்தார்கள். ஒளிபரப்பானது இதுதான்: "இந்த ஆண்டு விலையேற்றம் காணப்படுகிறது. அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்." வீட்டில் எல்லாரும் கைதட்டினோம். மாமாவும் சந்தோஷப்பட்டார். ஆனால் தெருவில் நான் பார்த்த மனிதர் திரையில் இல்லை. முப்பது வருடம் பூவோடு பழகியவர் சொல்லக்கூடிய எதுவும் அதில் இல்லை. அந்த வரியை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

1963 டிசம்பர் 28-இல் இந்த நாட்டில் தொலைக்காட்சி வந்தது. அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தமிழர்கள் அதில் ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று வந்து போயிருப்பார்கள். பத்துமலையில் காவடி இறக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே பேசியவர்கள், பினாங்கு தண்ணீர்மலையில் தேருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் பேசியவர்கள், பாட்டுப் போட்டிக்கு வந்த பிள்ளைகள், பரிசு விழுந்த பாட்டிகள். அதையெல்லாம் ஒன்று சேர்த்துப் போட்டுப் பார்த்தால் நாம் இங்கே எப்படிப் பேசினோம், எப்படிச் சிரித்தோம், எந்தச் சாமானுக்கு எந்தப் பெயர் வைத்திருந்தோம் என்பது நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். எல்லாரும் ஒரே மாதிரி "காணப்படுகிறது" என்று பேசியிருந்தால் அவர்களுக்கு என்ன தெரியும்?

இதைச் சொன்னால் உடனே சிலர் கேட்பார்கள், அப்போ தமிழ் கெட்டுப் போகட்டுமா என்று. எனக்கும் தமிழ்மேல் அக்கறை உண்டு. மகளைத் தமிழ்ப் பள்ளிக்குத்தான் அனுப்புகிறேன். அறிவிப்பாளர் நல்ல தமிழில் பேசட்டும். செய்தி நல்ல தமிழில் இருக்கட்டும். அந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்தவள் நான், இந்தப் பதிவை எழுதுவதே அந்தத் தமிழை வைத்துத்தான். ஆனால் விருந்தாளியாக வந்தவரின் பேச்சைத் திருத்தாதீர்கள். கேட்கிறவர்களுக்குப் புரியாது என்று பயமா? அவர் சொல்லி முடித்த பிறகு நீங்கள் ஒரு வரி விளக்கம் சொல்லுங்கள். வேலை முடிந்தது.

இன்னொன்று. மலாய்க்காரர் கடைக்கு கெடாய் என்கிறார். கப்பலுக்கு காப்பால். மாம்பழத்துக்கு மெம்பெலாம், கட்டிலுக்கு காத்தில். எல்லாம் நம் வீட்டுச் சொல்தான். அவர் தொலைக்காட்சியில் கெடாய் என்று சொன்னால் யாராவது குறுக்கே புகுந்து, அதற்கு மலாயில் என்ன என்று கேட்கிறார்களா? கப்பலேறி வந்தவர்கள் இங்கே பழகி, சமைத்து, விற்று, வாங்கி வளர்த்த தமிழ் நம்முடையது. செராயும் பெலாச்சானும் பசாரும் அப்படி வந்து சேர்ந்தவை. போர்த்துகீசியரிடமிருந்து வந்த சாவியையும் ஜன்னலையும் அலமாரியையும் வீட்டுக்குள்ளே வைத்துக்கொண்டு, பெலாச்சானை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்?

சரி, கேசட் கதையை முடிக்கவில்லை. அதை என் தம்பி பட்டர்வொர்த்தில் வைத்திருந்தான். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு கடையில் கொடுத்து கைப்பேசிக்கு மாற்றி அனுப்பினான். உங்கள் வீட்டிலும் பழைய கேசட் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள், நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சை பிடித்துவிடும். இத்தனை வருடம் கழித்து முழுசாகக் கேட்டபோதுதான் கடைசிப் பகுதியைக் கவனித்தேன். அறிவிப்பாளர் "நன்றி, வணக்கம்" சொல்லிவிட்டார். பேச்சு முடிந்தது என்று அம்மா நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. லைனை இன்னும் துண்டிக்கவில்லை. பாட்டு ஆரம்பிக்கும் முன் சின்ன இடைவெளி. அதற்குள், ரிசீவரைக் கீழே வைப்பதற்குள், அம்மா திரும்பி எனக்குச் சொல்கிறார்: "ஏய், அடுப்ப சின்னதாக்குடி, செராய் கருகுது பாரு."

அவ்வளவுதான். மூன்று விநாடிகூட இருக்காது. நான் அதைப் பத்து, இருபது தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன். மூச்சு, கோபம், சமையலறை எல்லாம் அதில் இருக்கிறது.

நேற்று ராத்திரி மகளிடம் அதைப் போட்டுக் காட்டினேன். அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட பாட்டி. கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு, "அம்மாச்சி நம்ம மாதிரியே பேசுறாங்கம்மா" என்றாள். அப்புறம் முழுப் பதிவையும் கேட்டாள். அந்த நான்கு விநாடி அமைதி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று காலை அவள் ஆசிரியைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். தாளில் உள்ளதைக் குறை சொல்லவில்லை. பிள்ளை தன் வீட்டுத் தீபாவளியைத் தன் வார்த்தையில் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன். முதலில் பதில் இல்லை. மத்தியானம் குரல் பதிவு ஒன்று வந்தது. தானும் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லத்தான் நினைத்ததாகவும், பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்றுதான் எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். மற்ற அம்மாக்களிடமும் கேட்டுவிட்டுச் சொல்கிறாராம்.

மகள் இப்போது தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் வரி: "நாங்க மஸ்ஜிட் இந்தியாவுக்குப் போய் சட்டை எடுப்போம், அப்பா தே தாரே குடிப்பார்." இரண்டாவது வரிக்கு, "அம்மாச்சியோட சம்பால் எப்படிச் செய்யிறது?" என்று சமையலறைக்கு வந்து நிற்கிறாள்.