அந்தச் சிவப்புச் சுருள் கயிறு

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் வாங்கும்போது கூடவே ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். ஒரு முனையில் சின்ன பிளாஸ்டிக் கிளிப், மறுமுனையில் கொக்கி. கிளிப் ஸ்டாப் சுவிட்சில் இருக்க வேண்டும், கொக்கி இன்ஜின் பிடிப்பவர் உடம்பில் இருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டுக் கிளிப் கழலும், இன்ஜின் நின்றுவிடும். ஆனால் பல பைபர் படகுகளில் அந்தக் கயிறு இன்ஜின் மேலேயே சுற்றிக் கிடக்கிறது. சிலர் கிளிப்பை மட்டும் வெட்டியெடுத்து, நைலான் நூலால் சுவிட்சோடு கட்டியே விடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

கயிறு மாட்டாமல் இருக்கும்போது கைப்பிடி நழுவி ஆள் கடலில் விழுந்தால் படகு நேராகப் போய்விடாது. புரொப்பெல்லர் சுழலும் விசையில் இன்ஜின் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடித்து, விழுந்தவர் மேலேயே வரும். "எனக்கு நீச்சல் தெரியும்" என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

மணிக்கட்டில் மாட்டலாம். லைஃப் ஜாக்கெட் வளையத்தில் மாட்டினால் இன்னும் நல்லது. சாரத்து (லுங்கி) முடிச்சில் மட்டும் செருகாதீர்கள். சாரம்தான் அவிழும், கிளிப் கழலாது. தினமும் புறப்படும் முன் இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்துக் கயிறை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இன்ஜின் உடனே நிற்கவில்லையென்றால் சுவிட்சில் உப்பு பிடித்திருக்கும், அல்லது வயர் விட்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் போகவே கூடாது.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. விழுந்தவரோடு கிளிப்பும் போய்விடும். கிளிப் இல்லாமல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. மீதிப்பேர் அவரை எடுக்கப் போக வேண்டாமா? மாற்றுக் கிளிப் ஒன்றை அணியத்தில் (படகின் முன்பகுதியில்) கட்டி வையுங்கள், அது இருக்கும் இடம் படகில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். பக்கத்தில் போனதும் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் ஆளைத் தூக்க வேண்டும்.

ஜாக்கெட் வியர்க்கிறது, வலையில் மாட்டுகிறது என்பது நியாயம்தான். ஆனால் இருட்டிலும், தனியாகப் போகும்போதும், முகத்துவாரம் தாண்டும்போதும் கட்டாயம் போடுங்கள். தலையணையாகக் கிடந்த ஜாக்கெட்டில் ஃபோம் நசுங்கி மிதப்பு குறைந்திருக்கும். கால் இடுக்குப் பட்டையையும் கட்டுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலேறி முகத்தை மூடும்.

கன்னியாகுமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து எத்தனை உயிர் போயிருக்கிறது! மணல் சேர்ந்து ஆழம் குறைந்த இடத்தில், ஆனி ஆடியில் அலை எழும்பி உடைகிறது. மணல் அள்ளுவது அரசின் வேலை, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது இதுதான்: வெளியே நின்று அலை வரும் முறையைப் பாருங்கள். பெரிய அலைகள் ஓய்ந்ததும், ஒரு அலையின் முதுகுக்குப் பின்னால், அதை முந்தாமல் உள்ளே வாருங்கள். அணியத்தில் ஐஸ் பெட்டியும் வலையும் குவிந்திருந்தால் மூக்கு தண்ணீரில் குத்தி படகு குறுக்கே திரும்பிவிடும். பாரத்தை நடுவுக்குத் தள்ளி இறுகக் கட்டுங்கள். பாதி வந்தபின் திரும்பிப் போக நினைக்காதீர்கள்.

போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். கடலோரக் காவல்படையின் எண் 1554. சிக்னல் எட்டாத தூரத்தில் வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் உதவி கேளுங்கள், அந்தச் சேனலில் அரட்டை வேண்டாம். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரம் தாண்டினால் எவ்வளவு நேரம் பொறுத்து 1554-ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் அப்போதே பேசி வையுங்கள்.