லால்பாக்: முதலில் பாறைக்குப் போங்கள்

பெங்களூரு லால்பாக் தாவரவியல் பூங்காவுக்கு ஆகஸ்ட் மலர்க் கண்காட்சியின்போது போகச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பூக்களுக்குச் சரி, மரம் பார்க்க வருபவர்களுக்கு அந்தக் கூட்டம் ஆகாது. சாதாரண வார நாளில் காலை 6 மணிக்கே போய்விடுங்கள். பச்சை வழித்தட மெட்ரோவில் லால்பாக் நிலையத்தில் இறங்கினால் மேற்கு வாசல் பக்கம். 240 ஏக்கர் என்பதால் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறையை முதலில் பார்த்துவிடுங்கள். அங்கே நிழலே கிடையாது, வெயில் ஏறினால் கல் சுடும். மழை பெய்திருந்தால் செருப்பு வழுக்கும். குனிந்து பாருங்கள், கருப்பும் வெளுப்புமாக வரிகள் நெளிந்து ஓடும். ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைய கல்! தயவுசெய்து அதில் பெயர் கீறாதீர்கள். 1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகையை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.