காடு எரிந்தால் அணைக்கு என்ன?

காட்டுத்தீ செய்தி வந்தால் எத்தனை ஏக்கர், எத்தனை வீடு என்று கேட்கிறோம். தீ அணைந்த மறுநாளே அதை மறந்துவிடுகிறோம். ஆனால் எரிந்த மலைக்குக் கீழே ஓர் அணை இருந்தால், அதற்கான கெட்ட நேரம் பெரும்பாலும் அப்புறம்தான் வருகிறது, முதல் பெருமழையோடு. அணைப் பாதுகாப்பு என்றதும் கசிவு, விரிசல், நிலநடுக்கம் என்று சுவரை மட்டுமே பார்க்கும் பழக்கம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. மேலே இருக்கும் காட்டைப் பார்க்காத அணை ஆய்வு பாதி ஆய்வுதான்.

கடுமையாக எரிந்த இடத்தில் சாம்பலை ஒதுக்கிவிட்டு மண்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நல்ல மண் உடனே குடித்துவிடும். எரிந்த மண்ணில் பல இடங்களில் அந்தச் சொட்டு முத்துப்போல உருண்டு நிற்கும். செடிகொடிகளிலும் சருகிலும் உள்ள மெழுகு போன்ற பொருள்கள் சூட்டில் ஆவியாகி, சற்றுக் கீழே குளிர்ந்து மண் துகள்களில் படிந்துவிடுவதால் இப்படி ஆகிறது. 5 விநாடிக்கு மேல் சொட்டு நின்றால் அது நீரை விலக்கும் மண் என்று களத்தில் கணக்கு வைக்கிறார்கள். மழையின் வேகத்தைத் தாங்க இலை இல்லை, மண்ணைப் பிடித்துவைக்கும் வேரும் நாளடைவில் மட்கிப்போகிறது. அதனால் சாதாரண மழைக்கே ஓடைகளில் வெள்ளம் புரண்டு வரும். தண்ணீர் மட்டுமா வருகிறது? சேறு, பாறை, கருகிய மரங்கள் எல்லாம் சேர்ந்து வரும். ஷட்டரிலும் உபரிநீர்ப் போக்கியிலும் மரங்கள் வந்து சிக்கினால், தண்ணீரை வெளியேற்ற வேண்டிய நேரத்தில் வழி அடைபட்டு நிற்கும்.

அமெரிக்காவின் டென்வர் நகரம் இதை இரண்டு முறை அனுபவித்தது. 1996 மே மாதம் பஃபலோ கிரீக் தீயில் சுமார் 12,000 ஏக்கர் எரிந்தது. இரண்டே மாதத்தில் கொட்டிய மழையில் இரண்டு பேர் இறந்தார்கள். டென்வருக்குக் குடிநீர் தரும் ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் வண்டலும் மரக்குப்பையும் வந்து குவிந்தன. 2002-ல் ஹேமன் தீ, சுமார் 1,38,000 ஏக்கர். தூர்வாரவும் மலைச்சரிவுகளைச் சரிசெய்யவும் அந்த நகரக் குடிநீர் வாரியம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது.

லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் டெவில்ஸ் கேட் அணை வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டியது. 2009-ல் அதற்கு மேலுள்ள மலையில் எரிந்த 'ஸ்டேஷன்' என்ற காட்டுத்தீக்குப் பிறகு அங்கே சேர்ந்த வண்டலைப் பெரிய அளவில் அள்ளத் தொடங்கவே ஏறக்குறைய பத்து ஆண்டு ஆனது. வெள்ளத்தைப் பிடித்துவைக்க வேண்டிய இடத்தில் அத்தனை காலமும் மண் உட்கார்ந்திருந்தது.

குடிநீர்க் கதை வேறு. சாம்பலில் வரும் பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும். கரிமப் பொருள் கூடினால் குளோரின் அதோடு வினைபுரிந்து வேண்டாத சேர்மங்களை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2003 தீக்குப் பிறகு காட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியின் தண்ணீர் அவ்வளவு கலங்கிப்போனதால், புதிய சுத்திகரிப்பு நிலையமே கட்டவேண்டி வந்தது.

தீ எரியும்போதே வரும் ஆபத்தும் உண்டு. மின்கம்பி அறுந்தால் ஷட்டரை எதைக் கொண்டு தூக்குவது? பாதை அடைபட்டால் ஊழியர் எப்படிப் போய்ச் சேர்வார்? 2013-ல் கலிபோர்னியாவின் ரிம் தீ, சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிநீரும் மின்சாரமும் தரும் ஹெட்ச் ஹெட்சி நீர்த்தேக்கத்தை நெருங்கியபோது, சுமார் 240 கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த நகரத்துக்கே அவசரநிலை அறிவித்தார்கள்.

எல்லா அணைக்கும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. மேலே செங்குத்தான சரிவும் அடர்ந்த காடும் இருந்து, கீழே தேக்கம் சிறியதாக இருந்தால் அங்கேதான் முதலில் போக வேண்டும். எங்கே எவ்வளவு கடுமையாக எரிந்தது, சரிவு எவ்வளவு, மண் எப்படிப்பட்டது, 15 நிமிடத்தில் எவ்வளவு வேகமாக மழை கொட்டும் என்பவற்றை வைத்து எந்த ஓடையில் சேற்று வெள்ளம் வரும் என்று கணிக்கும் முறை இருக்கிறது. எரிந்த பிறகு இதைச் செய்கிறார்கள், நல்லதுதான். ஆனால் எரிவதற்கு முன்பே, 'இந்தச் சரிவு எரிந்தால்' என்று வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போடலாமே. மரங்களைத் தடுக்கும் மிதவைத் தடுப்பு, ஷட்டருக்கு மாற்று மின்சாரம், மழைக்கு முன் நீர்மட்டத்தை எவ்வளவு குறைப்பது என்ற முடிவு, இவையெல்லாம் தீப்பிடித்த பிறகு அவசரத்தில் செய்கிற வேலையா?

அணை ஒரு துறையிடம், காடு இன்னொரு துறையிடம் இருப்பதால் இந்தக் கணக்கு நடுவில் விழுந்துவிடுகிறது. டென்வர் வாரியம் 2010-ல் வனத்துறையோடு ஒப்பந்தம் போட்டு, இருவரும் சேர்ந்து 3.3 கோடி டாலர் ஒதுக்கி, தன் நீர்த்தேக்கங்களுக்கு மேலே உள்ள காடுகளைப் பராமரிக்கத் தொடங்கியது. குடிநீர்க் கட்டணத்தில் ஒரு பங்கு இப்படிக் காட்டுக்குப் போவதில் எனக்கு முழுச் சம்மதம். அணை வைத்திருக்கும் ஒவ்வொரு அமைப்பும், எந்தச் சரிவு எரிந்தால் எந்த ஓடை வழியாக எவ்வளவு மண் வரும் என்ற வரைபடத்தைத் தயாரித்து, அடுத்த தீக்காலம் தொடங்குமுன் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.