ஒசாகா கோட்டைப் பூங்கா: நுழைவுக் கட்டணமும் கோபுரத்தின் வயதும்

ஜப்பானிலுள்ள ஒசாகா கோட்டைப் பூங்காவுக்குள் நுழையவே சீட்டு வாங்க வேண்டும் என்றும், அங்குள்ள கோபுரம் பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கட்டிய அதே கோபுரம் என்றும் சிலர் சொல்வதுண்டு; இரண்டும் சரியல்ல. பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது; கோபுரத்துக்குள் ஏறுவதற்கும், நிஷினோமாரு தோட்டம் போன்ற சில பகுதிகளுக்குமே சீட்டுத் தேவை.

ஹிதேயோஷியின் கோபுரம் 1615ஆம் ஆண்டுப் போரில் எரிந்துபோனது. அப்போரில் வென்ற தொகுகவா ஆட்சியினர் பழைய கோட்டையை மண்ணிட்டு மூடி அதன்மேல் எழுப்பிய கோபுரமும் 1665இல் இடி விழுந்து அழிந்தது. இன்று நிற்பது, பொதுமக்களின் நன்கொடையில் 1931இல் கட்டி முடிக்கப்பட்ட கான்கிரீட் கட்டடம். உள்ளே அருங்காட்சியகமும், ஏன், லிஃப்டும்கூட இருக்கின்றன. அதுவே இப்போது ஒரு நூற்றாண்டை நெருங்குவதால் அதைப் போலி என்று ஒதுக்குவதும் நியாயமாகாது.

உண்மையான பழைமையைக் காண விரும்புவோர் கோபுரத்தை விட்டு, தொகுகவா காலத்துக் கற்சுவர்களுக்கு அருகே செல்ல வேண்டும். சகுராமோன் வாயிலைக் கடந்ததும் எதிரே நிற்கும் ‘தாக்கோ இஷி’ (ஆக்டோபஸ் கல்) என்னும் ஒற்றைக் கல்லின் எடை சுமார் 108 டன் என மதிப்பிடப்படுகிறது. அதன் இடப்பக்க அடியில் ஆக்டோபஸ் தலைபோல் படிந்திருக்கும் செம்பழுப்புக் கறையிலிருந்தே அதற்கு அப்பெயர் வந்தது. அத்தகைய கற்களை, ஷோகுன் எனப்பட்ட தொகுகவா ராணுவ ஆட்சியாளரின் ஆணைப்படி, மேற்குப் பகுதிப் பிரபுக்கள் கடல்வழியே கொண்டுவந்து சேர்த்தனர்.